‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லாத விமானம்

அமெரிக்காவில் சொந்தமாகவோ வாடகைக்கு எடுத்தோ சிறு விமானம் ஓட்டுகிறவர்களிடம் பழகினால் ஒரு ஜோக்கை அடிக்கடி கேட்கலாம். சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுத் திரும்பி, "ஆபத்தான பகுதி முடிஞ்சிருச்சு, வீட்டிலிருந்து இங்கே கார்ல வந்தோமே, அதுதான்" என்பார்கள். டிக்கெட் எடுத்துப் பெரிய விமானத்தில் போகிறவர் இதைச் சொன்னால் முழுக்க உண்மை. நாலு சீட்டும் ஒரே என்ஜினும் உள்ள செஸ்னாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் பொய், சொல்பவருக்கே தெரியாத பொய் என்பதுதான் இதில் விசேஷம்.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இந்த வகைப் பறத்தலில் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு உயிர்ப்பலி விபத்து நடக்கிறது, பல வருடமாக எண்ணிக்கை இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்த நாட்டுச் சாலைகளில் பத்துக் கோடி மைலுக்கு ஒன்றேகால் சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் சராசரியாக மணிக்கு 40 மைல் போகிறது என்றால் ஒரு லட்சம் மணி நேரத்தில் 40 லட்சம் மைல், அதற்கு 0.05 சாவு. ஆக, மணிக்கு மணி ஒப்பிட்டால் சிறு விமானம் காரைவிட இருபது மடங்கு ஆபத்து. ஒரு விமான விபத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு மேல் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்தால் இன்னும் மோசம். காரோடு ஒப்பிடுவதே தப்பு, மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட வேண்டிய விஷயம் இது.

நான் பைலட் இல்லை. ஆனால் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. நூறு அறிக்கை படித்தால் புரிகிற முதல் விஷயம், இயந்திரம் அவ்வளவு குற்றவாளி இல்லை என்பது. அமெரிக்க விமான உரிமையாளர்கள் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவு பல வருடம் நால் அறிக்கை என்ற பெயரில் சிறு விமான விபத்துகளை அலசி வெளியிட்டது. ஜோசஃப் நால் அந்நாட்டு விபத்து விசாரணை வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர், 1989-ல் வெனிசுவேலாவில் ஒரு விமான விபத்தில் பயணியாகவே இறந்துபோனார். அவர் பெயரைத் தாங்கிய அந்த அறிக்கைகள் சொல்வதன்படி விபத்துகளில் ஏறக்குறைய முக்கால்வாசி பைலட் கணக்கில் சேர்கிறது. பெட்ரோல் தீர்ந்து விழுந்தது, தெரிந்தே மேகத்துக்குள் போய் மாட்டியது, தாழ்வாகப் பறந்து சாகசம் காட்டியது என்று பழைய கதைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக ஒரு தப்பைக் கண்டுபிடித்து இறந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அப்படியானால் ஏர்லைன் பைலட்டுகள் நல்லவர்கள், இவர்கள் கிறுக்கர்களா? இல்லை. பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான், வாரநாளில் போயிங் ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் குட்டி விமானத்தை எடுப்பார். ஏர்லைனில் பக்கத்து சீட்டில் இன்னொரு பைலட் உண்டு, தரையில் பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்க டிஸ்பேட்சர் என்று ஒருவர் உண்டு, அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பயணத்துக்கு அவரும் கேப்டனும் சேர்ந்தே பொறுப்பு. வானிலை சரியில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். தனியார் பைலட்டுக்கு அந்த நாலு பேரும் அவரேதான். விமானத்தை ஓட்ட ஆசைப்படுகிற அதே ஆள்தான் அதைத் தடுக்கவும் வேண்டும். சட்டம் ஓரளவுக்குத்தான் கூட வரும். பகலில் அரை மணி நேரத்துக்கு உபரி எரிபொருள் போதும், குடித்துவிட்டு எட்டு மணி நேரம் ஓட்டக்கூடாது, பெரும்பாலான இடங்களில் மூன்று மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் பறக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த மூன்று மைல் எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் கதையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் போய் மைத்துனியை இறக்கிவிட்டு, மனைவியோடு அடுத்த ஊருக்கு, மறுநாள் குடும்பத்தில் கல்யாணம். தாமதமாகிக் கிளம்பியது இரவு 8:38, சூரியன் மறைந்துவிட்டது. அவருடைய மொத்தப் பறத்தல் அனுபவம் சுமார் 310 மணி நேரம், அந்த பைப்பர் சரட்டோகா விமானத்தில் பயிற்சியாளர் இல்லாமல் ஓட்டியது சுமார் மூன்று மணி நேரம், அதில் இரவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிக்குப் படித்துக்கொண்டிருந்தார், இன்னும் வாங்கவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்து, கட்டைப் பிரித்த பிறகு போட்டிருந்த பாதுகாப்புக் காலணியைக் கழற்றி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பயிற்சியாளர் ஒருவர் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார், தனியாகவே போக விரும்புவதாகச் சொல்லிவிட்டார். வழியெங்கும் வெயில்காலத்துப் புகைமூட்டம். ஆனால் அவர் பார்த்த வானிலைத் தகவலின்படி எல்லாமே சட்ட எல்லைக்குள்தான் இருந்தது.

கரையோரமாகவே பறந்துவிட்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் முனையிலிருந்து சுமார் 30 மைல் கடலைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கடல்மேல் பறந்த மற்ற பைலட்டுகள் பிறகு விசாரணையில் சொன்னது, தொடுவானமே தெரியவில்லை என்பது. மேலே கறுப்பு, கீழே கறுப்பு, நடுவில் கோடு இல்லை. 9:41-க்கு விமானம் தீவுக்கு ஏழரை மைல் முன்னால் கடலில் விழுந்தது, கடைசி நொடிகளில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் இறந்தார்கள். எது மேல் எது கீழ் என்ற உணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததுதான் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது, விமானத்தில் ஆட்டோபைலட் பொருத்தியிருந்தும்.

அவரைப் பணக்கார வீட்டுப் பிள்ளையின் திமிர் என்று அன்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சொன்னதில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள், தாமதம், கொஞ்சம் மூட்டம், கொஞ்சம் கால்வலி, அவருக்குப் புதுசான விமானம், எதுவுமே "போகாதே" என்று கத்தவில்லை. எல்லாம் சேர்ந்துதான் கொன்றது, சேர்த்துப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் ஆள் இல்லை. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. அதே விமான நிலையத்திலிருந்து அதே தீவுக்கு அதே மாலை போகவிருந்த இன்னொரு பைலட், மூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்துவிட்டார். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், திறமை இருந்தால் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது, தலை சுழன்றால் அது அசைந்து மூளைக்குச் சொல்லும். விமானம் ரொம்ப மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் திரவத்துக்குத் தெரியவே தெரியாது. இறக்கை சாய்ந்த விமானம் திரும்பிக்கொண்டே இறங்கும், பைலட்டுக்கோ நேராக இறங்குவதாகத்தான் தோன்றும், சரி ஏற்றலாம் என்று பிடியைத் தன் பக்கம் இழுப்பார், சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். 1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை வெளியே தெரியாதபடி செய்து ஓட்ட விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். இந்த எண்ணை எல்லாப் பாதுகாப்பு வகுப்பிலும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். மீதிக் கதையைச் சொல்வதில்லை. அந்த ஆய்வு பயமுறுத்துவதற்காகச் செய்ததே இல்லை, கையை எடு, வேகத்தைக் குறை, மெதுவாகத் திரும்பி வந்த வழியே போ என்று எளிய முறை ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் செய்தார்கள். சொல்லிக்கொடுத்த பிறகு கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்து வெளியே வந்தார்கள். இன்று அமெரிக்காவில் தனியார் உரிமத்துக்கான குறைந்தபட்ச 40 மணி நேரத்தில் மூன்று மணி நேரம் கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி கட்டாயம்.

அப்புறம் மனோபாவம். அமெரிக்க விமானத் துறையின் பாடப்புத்தகத்தில் ஐந்து ஆபத்தான மனப்போக்குகள் என்று ஒரு பகுதி உண்டு, தேர்வுக்கு வரும். தமிழில் நமக்கு அதைப் படிக்கவே தேவையில்லை, தினமும் காதில் விழுகிறது. "என்னை யார் கேட்கிறது?", "யோசிக்காதே, சட்டுனு ஏதாவது பண்ணு", "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது", "நான் யார்னு காட்டுறேன் பார்", "நடக்கிறது நடக்கட்டும், விதி." ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய் சிக்னலில் போலீஸ்காரரைக் கண்டதும் தலையில் வைக்கிற நம்ம ஊர் வழக்கத்தில் இந்த ஐந்தில் மூன்றாவது அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், "எனக்கும் இது நடக்கலாம்" என்பது போல. இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீம்பு பிடித்தவனும் "எது வீம்பு?" என்ற கேள்விக்குச் சரியான விடையை டிக் அடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறான். தன்னைப் பற்றிய கேள்வி அது என்று யாரும் நினைப்பதில்லை.

அதோடு பாதி நேரம் பைலட்டைக் கொல்வது குணமே இல்லை, அவசரம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி காரில் ஊருக்குப் போகும்போது கண் சொருகினாலும் "இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே" என்று போகிறோமே, அதேதான். 1996 ஏப்ரலில் ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கொண்டு அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்க வைக்கிறேன் என்று கிளம்பினார்கள், கூடவே அப்பாவும் பயிற்சியாளரும். இரண்டாம் நாள் காலை, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஷயான் நகரத்தில் மழையும் இடியும் நெருங்கிக்கொண்டிருந்தன, விமானத்தில் எடை அதிகம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து மூவரும் இறந்தார்கள். சம்பவத்துக்கு ஒரு காரணியாக விசாரணை வாரியம் குறிப்பிட்டது, ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் அந்த நெருக்கமான அட்டவணையும். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஊரில் கேமராக்காரர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விவரமான பைலட்டுகள் தங்கள் மனசை நம்புவதில்லை, எழுதி வைக்கிறார்கள். சொந்த எல்லைகள் என்று ஒரு தாள், வீட்டில் காபி குடித்துக்கொண்டு எந்தப் பயணமும் கண்முன் இல்லாதபோது எழுதியது. சட்டம் மூன்று மைல் என்கிறது, எனக்கு ஆறு. சட்டம் அரை மணி எரிபொருள் என்கிறது, எனக்கு ஒரு மணி. ராத்திரியில் தண்ணீரைத் தாண்ட மாட்டேன். பக்கவாட்டுக் காற்று இன்ன வேகத்துக்கு மேல் என்றால் இறங்க மாட்டேன், வேறு ஊருக்குப் போவேன். இந்தத் தாளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: பறக்கிற நாளில் எல்லையை இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. விமானத்தின் பக்கத்தில் பெட்டியோடு நிற்கிற ஆளுக்கு அந்தத் தாளில் கைவைக்க அதிகாரம் இல்லை.

எரிபொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பழைய செஸ்னாக்களில் எரிபொருள் முள்ளை யாரும் நம்புவதில்லை. பைலட் சின்ன ஏணியைப் போட்டு இறக்கைமேல் எட்டி, மூடியைத் திறந்து, அளவுக்கோடு போட்ட குழாய் ஒன்றை டாங்கிக்குள் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்துப் பார்ப்பார். பிறகு கீழே குனிந்து இறக்கையின் அடியிலிருக்கும் வால்விலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி மாதிரியான கப்பில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நல்ல பெட்ரோல் வெளிர் நீலம், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத குமிழாக உருண்டு நிற்கும். மூன்று நிமிட வேலை. இதைத் தாமதமாகிவிட்டது என்று விட்டவர்களின் கதைகள் அறிக்கைகளில் ஏராளம்.

எல்லா ஜாக்கிரதையும் இப்படிக் கறுப்பு வெள்ளையாக இருப்பதில்லை. மிச்சிகன் ஏரியைப் பாருங்கள். ஒவ்வொரு ஜூலையிலும் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்காஷ் நகரில் பெரிய விமானத் திருவிழா நடக்கும், கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்கு நடுவில் இந்த ஏரி. படகு போகும் வழியில் அகலம் 60 மைல், சுமார் 96 கிலோமீட்டர். என்ஜின் நின்றுபோன செஸ்னா 172 பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் 28 கிலோமீட்டர் மிதந்து போகும். இரண்டு பக்கமும் 28 கழித்தால் நடுவில் 40 கிலோமீட்டர், எந்தக் கரையும் எட்டாது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அது 12 நிமிடம். பல ஆயிரம் மணி நேரம் ஓடுகிற என்ஜின் சரியாக அந்த 12 நிமிடத்திலா நிற்கும் என்று கேட்பவர் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் மாட்டிக்கொண்டு (பின் சீட்டில் வைத்துக்கொண்டு அல்ல, விழுந்த பிறகு தேடி எடுக்க நேரம் இருக்காது) உயர ஏறித் தாண்டுகிறார். இன்னொருவர் சிகாகோ வழியாக ஏரியைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பறக்கிறார். அந்தக் கூடுதல் நேரத்திலும் என்ஜின் நிற்கலாம், கீழே நகரம் இருக்கும். யார் சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேருமே, ஏனென்றால் இரண்டு பேரும் அந்த 12 நிமிடத்தைக் கணக்கு போட்டிருக்கிறார்கள். மூவாயிரம் அடியில் ஜாக்கெட் இல்லாமல், கணக்கும் போடாமல் தாண்டுகிறவர்தான் எனக்குப் புரியாதவர்.

கருவிகளுக்கு வருவோம், அங்கேதான் மனுஷ சுபாவம் வேடிக்கையாகத் தெரியும். சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? என்ஜின் புகை போகும் சைலன்சரைச் சுற்றி ஒரு தகரச் சட்டை, அதற்குள் வெளிக்காற்று புகுந்து சூடாகி உள்ளே வரும். சைலன்சரில் மயிரிழை விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும், அதற்கு வாசனை கிடையாது. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை பிரான்சிலிருந்து கார்டிஃபுக்குக் கூட்டிவந்த பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தபோது, அவர் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தில் இந்த வாயு ஏறியிருந்தது. பைலட்டுக்குக் காசு வாங்கிப் பயணி ஏற்ற உரிமமும் இல்லை, இரவில் ஓட்டத் தகுதியும் இல்லை. சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இல்லை. சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். அமெரிக்காவில் 1982-லிருந்து 2020 வரை இந்த வாயுவால் நடந்த 31 விபத்துகளை விசாரணை வாரியம் எண்ணிப் பார்த்தது, 42 பேர் இறந்திருந்தார்கள், கண்டுபிடிக்கும் கருவி ஒரே ஒரு விமானத்தில்தான் இருந்தது, அதுவும் தானாக எச்சரிக்கும் வகை இல்லை. பல லட்சம் செலவழித்துப் புதுத் திரைகள் மாட்டுகிறவர்கள் இதை வாங்குவதில்லை. திரை பளபளவென்று தெரியும், இது சும்மாவே கிடக்கும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நேர்மாறான கதை பாராசூட். ஆலன் கிளாப்மையர் 1985-ல் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி, இறக்கையில் ஒரு துண்டு போன நிலையில் எப்படியோ இறங்கினார், மற்றவர் இறந்துவிட்டார். அவரும் தம்பி டேலும் நடத்திய சிரஸ் கம்பெனி, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட்டோடு விமானங்களைச் செய்தது. கூரையில் சிவப்புப் பிடி, பலமாக இழுத்தால் ராக்கெட் பாய்ந்து பாராசூட்டை விரிக்கும். 2002-ல் டெக்சாஸில் முதல் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் ஆரம்ப வருடங்களில் சிரஸின் உயிர்ப்பலி விகிதம் மற்ற விமானங்களைவிடக் குறைவாக இல்லை! பிடி தலைக்குமேலேயே இருக்க, இழுக்காமலேயே பலர் செத்துப்போனார்கள். சிலர் பாராசூட் இருக்கிறதே என்ற தைரியத்தில் போகக்கூடாத வானிலைக்குள் போனார்கள், சிலருக்கு இழுப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி, சிலருக்கு விமானம் வீணாகுமே என்ற கவலை. அதன் உரிமையாளர்கள் சங்கமும் கம்பெனியும் பயிற்சியையே மாற்றிய பிறகுதான் விகிதம் நன்றாகக் குறைந்தது. கிளம்பி ஏறும்போது குறிப்பிட்ட உயரம் வந்ததும் பாராசூட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இனிமேல் என்ஜின் நின்றால் யோசனை கிடையாது, கை நேராக மேலே. முடிவைத் தரையிலேயே எடுத்துவிட்டுப் பறப்பது, அந்தத் தாளில் எழுதி வைப்பது மாதிரியேதான்.

இது எல்லாம் நமக்கெதற்கு என்று கேட்டால், டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிற நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். "வாங்கண்ணா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று ஒருவர் உங்களையும் கூப்பிடலாம். போகலாம், அழகான அனுபவம். எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள், என்ன விமானம் என்றெல்லாம் கேட்பதைவிட, "கடைசியா எப்போ கிளம்பப்போய் வேண்டாம்னு திரும்பி வந்தீங்க?" என்று கேளுங்கள். போன மாதம், காற்று சரியில்லை, பிள்ளைகள் ரொம்ப ஏமாந்துட்டாங்க என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னால் தாராளமாக ஏறிக்கொள்ளுங்கள். "ஒரு தடவைகூட இல்லண்ணா" என்று பெருமையாகச் சொன்னால், நான் கீழே நின்று வீடியோ எடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், கீழேயிருந்து எடுத்தால்தான் நல்லா வரும்.